போ சமவெளியா, அனத்தோலிய மேட்டுநிலமா? கெல்டியர்களின் இரண்டு குடியேற்றங்கள்

பண்டைய ஐரோப்பாவின் பழங்குடிகளான கெல்டியர்கள் என்றதும் பலரும் சொல்வது, கி.மு. 390 வாக்கில் பிரென்னுஸ் தலைமையில் அவர்களில் செனோனியர் என்ற குலம் ரோமைச் சூறையாடிய கதையைத்தான். நூறாண்டு கழித்து வேறொரு கூட்டம் இன்றைய துருக்கிக்குள் போனது. இரண்டில் எது வேர்பிடித்தது என்று கேட்டால், நான் துருக்கியைத்தான் சொல்வேன்.

இத்தாலியில் என்ன குறை? ஆல்ப்ஸைத் தாண்டினால் போ ஆற்றுச் சமவெளி, பொன் விளையும் பூமி. இன்சுப்ரியர் என்ற கெல்டியர் குலத்துக்கு மிலான் கிடைத்தது; அங்கு முன்பே இருந்த எத்ருஸ்கர்களின் ஃபெல்சினா நகரம் போயியர் என்ற இன்னொரு குலத்தின் கைக்கு வந்தது. அதுதான் இப்போதைய பொலோன்யா. ஆனால் அதே மண்மேல் ரோமுக்கும் கண். கி.மு. 225இல் தெலமோனில் கெல்டியர் படை நொறுங்கியது. கி.மு. 218இல் பியாசென்சா, கிரெமோனா இரண்டிலும் ஊருக்கு 6,000 ரோமானியக் குடிகளை இறக்கினார்கள். கி.மு. 191இல் தோற்ற போயியரிடமிருந்து பாதி நிலத்தைப் பிடுங்கினார்கள். நான்கே ஆண்டில் அதன் குறுக்கே எமிலியா சாலை.

துருக்கிக்குப் போனவர்களோ கூலிப்படை. தம்பியோடு சண்டையில் இருந்த, துருக்கியின் வடமேற்கில் இருந்த பிதினியா நாட்டு மன்னன் நிகொமெதீஸ் கி.மு. 278இல் அழைத்து வந்தான். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் கணக்கில் 20,000 பேர். அதில் ஆயுதம் பிடித்தவர்கள் பாதிதான். அப்புறம் அவர்கள் தங்கியது காற்றும் குளிருமான மேட்டுநிலம். வந்த மூன்று குலங்களும் நிலத்தைப் பிரித்துக்கொண்டன, அங்காரா அதில் தெக்தோசாகர் குலத்துக்கு. கொலை வழக்கு என்றால் மட்டும் 300 பேர் கொண்ட சபை ட்ருனெமெதோன் என்ற இடத்தில் கூடும் என்கிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. அந்தப் பெயரில் உள்ள ‘நெமெதோன்’ கெல்டியர் தங்கள் புனிதத் தோப்புக்கு வைத்திருந்த சொல். ஊரை விட்டு வந்தும் அதை விடவில்லை!

அடி இவர்களுக்கும் விழுந்தது. பெர்கமோன் மன்னன் அத்தாலஸ் இவர்களை வென்றதற்கு எழுப்பிய சிலையின் பளிங்கு நகல் ரோமில் இருக்கிறது. கேடயத்தின்மேல் சரிந்து உட்கார்ந்த வீரன், மீசை, விறைத்த முடி, கழுத்தில் முறுக்கு வளையம், வலது மார்பில் வெட்டு. பார்த்தால் மனம் கனக்கும். கி.மு. 25இல் இவர்கள் நாடே ரோமானிய மாகாணமானது.

ஆனால் அந்த மேட்டுநிலத்தில் ரோம் போ சமவெளியைப் போலக் கூட்டம் கூட்டமாகக் குடியேற்றவில்லை. கெல்டியர் பேச்சு பிழைத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். தமிழ் பைபிளில் ‘கலாத்தியர்’ என்று படிக்கிறோமே, அது இவர்கள் பெயர்தான். குடியேறி 600 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அங்காராவை நேரில் பார்த்த கிறிஸ்தவ அறிஞர் புனித ஜெரோம் எழுதுகிறார்: கலாத்தியர் பேச்சு ஜெர்மனியின் ட்ரியர் பக்கத்துக் கெல்டியர் பேச்சைப் போலவே இருக்கிறதாம்.