இலகு கேம்பர் டிரெய்லர்: மரச்சட்டமா, ஒட்டுப் பலகையா, ஃபைபர் கூடா?

கார் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுத்துத் தங்கும் சின்னக் கேம்பர் டிரெய்லர்களின் கட்டுமானம் மாறிவிட்டது. மரச்சட்டத்தில் தகடு அடித்துக் கட்டுவது குறைந்து, நடுவில் நுரையும் இருபுறம் மெல்லிய ஃபைபர் தோலும் வைத்து ஒட்டிய பலகைகள் (ஒட்டுப் பலகை) வந்திருக்கின்றன. இன்னொரு பக்கம், அச்சில் வார்த்த முழு ஃபைபர் கூடும் இருக்கிறது. கனடாவின் வின்னிபெக்கில் 1968-ல் தொடங்கிய போலர் டிரெய்லர்கள் இந்த வகைதான். விற்பவர்கள் எல்லோரும் எடை குறைந்துவிட்டது என்றே சொல்கிறார்கள். எங்கிருந்து குறைத்தீர்கள் என்று வாங்குபவர் கேட்க வேண்டும். குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு அவசியம் அதிகம். இங்கே வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், கரையோரம் முழுக்க உப்புக்காற்று. வெயிலில் ஆறு மாதம் கழித்துத் தெரியும் குறை இங்கே ஒரே ஐப்பசியில் தெரிந்துவிடும்.

முதலில் எடைக் கணக்கு. 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரமுள்ள பெட்டிக்குத் தரை நீங்கலாகச் சுமார் 22.7 சதுர மீட்டர் பரப்பு வரும். உள்ளே 6 மி.மீ. பிளைவுட், வெளியே 1 மி.மீ. அலுமினியத் தகடு, நடுவில் மரச்சட்டம் என்றால் சதுர மீட்டருக்கு 10.5 கிலோ அளவில், மொத்தம் 240 கிலோ. 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (தெர்மோகோலின் கெட்டி வகை) நுரையின் இருபுறமும் 1.5 மி.மீ. ஃபைபர் ஒட்டினால், பசையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 6.5 கிலோ. மூலைகளை இணைக்கும் அலுமினியச் சட்டத்தையும் சேர்த்தால் 165 முதல் 170 கிலோ. கையால் பூசிய நான்கு அடுக்கு ஃபைபர் கூடு, ஜெல் கோட் (பளபளப்பான வெளிப்பூச்சு), உள் பூச்சு, வெப்பத்தடுப்பு எல்லாம் சேர்ந்து 195 கிலோ. ஒட்டுப் பலகைக்கும் கூட்டுக்கும் இடையே 25 முதல் 30 கிலோதான் வித்தியாசம். இரண்டு தண்ணீர் கேன் எடைகூட இல்லை. அதற்காகப் பழுதுபார்க்கும் வழியை விட்டுக்கொடுப்பது நியாயமா என்று யோசிக்கலாம்.

மரச்சட்டம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மரவேலை தெரிந்த தச்சருக்குப் பஞ்சமில்லை, எந்தப் பகுதி கெட்டாலும் கழற்றி மாற்றலாம். அதுதான் இதன் பலம். பலவீனமும் மரத்தில்தான். மலையோரத் தோட்டங்களால் ரப்பர் மரம் இங்கே மலிவு, அதைச் சட்டத்துக்குப் போட்டுவிடுவார்கள். போரிக் அமிலமும் போராக்ஸும் ஏற்றிப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் துளைப்புழு விழும், நீலக்கறை பிடிக்கும். பதப்படுத்தினாலும் வெளியே மழைபடும் இடத்துக்கு அது ஆகாது, ஏனென்றால் அந்த மருந்து ஈரத்தில் கரைந்து வெளியேறும். பிளைவுட் கட்டாயம் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் தரமாக இருக்கட்டும். ஐ.எஸ். 303 முத்திரை உள்ளறை வேலைக்குப் போதும், டிரெய்லருக்குப் போதாது.

தகட்டை மரத்தோடு பிடிக்கும் திருகுதான் உண்மையான கெடுதல். 1 மி.மீ. தகட்டில் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் நீர் போகும் வழி. மரத்தில் ஈரம் 20 சதவீதம் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஈரமானி வைத்து ஜன்னலின் கீழ்மூலைகளை மாதம் ஒருமுறை பார்க்காதவர், பிளைவுட் உப்பிய பிறகுதான் அறிவார். அலுமினியத்தில் இரும்புத் திருகு போட்டால் கடல்காற்றில் இரண்டும் மின்வேதி முறையில் அரிக்கும், தகட்டில் வெள்ளைப் பொடி பூக்கும். 316 தர ஸ்டெயின்லெஸ் திருகும் நைலான் வாஷரும் அவசியம். 304 கூட முட்டம், குளச்சல் கரையில் பழுப்புக் கறை பிடிக்கும்.

ஒட்டுப் பலகை

புகார்கள் அதிகம் வருவது இந்த வகையில்தான். காரணம் மூன்று.

ஒன்று, தோல் விலகல். நுரைக்கும் ஃபைபருக்கும் நடுவே பசை முழுமையாகப் பரவாத இடத்தில் காற்றுப்பை உண்டாகி, வெயிலில் பலகை உப்பும். எக்ஸ்.பி.எஸ். நுரை 75 டிகிரிக்கு மேல் வடிவம் இழக்கத் தொடங்கும். மார்ச், ஏப்ரல் வெயிலில் கறுப்பு, கருநீலம் பூசிய கூரைகள் அந்தச் சூட்டை எளிதில் தொடும். வெள்ளை அல்லது வெளிர் நிறத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாம். சோதனை எளிது: ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் கைப்பிடி அகலத்துக்கு ஒரு தடவை தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டிய இடம் ‘டக்’ என்று ஒலிக்கும், விலகிய இடம் ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும்.

இரண்டு, திருகு பிடிக்காது. நுரையில் மரை கொள்ளாது. கீல், நிழற்பந்தல், அலமாரி வரும் இடங்களில் பலகை ஒட்டும்போதே உள்ளே அலுமினியத் தகடோ கெட்டியான கட்டையோ புதைத்திருக்க வேண்டும். வாங்கும்போது அந்த இடங்கள் குறித்த வரைபடம் கேளுங்கள், தர மறுத்தால் புதைக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் சேர்க்க வேண்டுமானால் படகுக்காரர்களின் வழி உண்டு: ஒரு தோலில் 12 மி.மீ. ஓட்டை போட்டு, நுரையைச் சுரண்டி எடுத்து, கெட்டியாக்கிய எப்பாக்சியை நிரப்பி, இறுகியதும் அதன் நடுவே 5 மி.மீ. துளையிட்டுத் திருகலாம். பிளைவுட் தோலுக்குப் பதிலாக அமெரிக்க டிரெய்லர்களில் வரும் ஆஸ்டெல் தட்டிலும் இதே தொல்லைதான். பாலிப்ரோப்பிலீனும் கண்ணாடி இழையும் கலந்த அந்தத் தட்டு அழுகாது, எடையும் குறைவு. ஆனால் அதில் மரை நிற்காது.

மூன்று, வேதியியல். கடலோரப் பட்டறைகளில் வாங்கும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. அது தெர்மோகோலையும் எக்ஸ்.பி.எஸ்.ஸையும் கரைத்துவிடும். படகுக்குச் செய்யும் வேலைதானே என்று நுரைமேல் நேராகப் பூசினால் பலகைக்குள் குழி விழும். எக்ஸ்.பி.எஸ். வைத்தால் எப்பாக்சி அல்லது பி.யூ. (பாலியூரிதேன்) பசை மட்டுமே. பாலியெஸ்டர் வேண்டும் என்றால் நுரையைப் பி.யூ. ஆக்குங்கள்.

மூலை இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4 மீட்டர் அலுமினியம் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 3.7 மி.மீ. நீளும், இரும்பு 1.9 மி.மீ. மட்டும் நீளும். இந்த இழுபறியைத் தாங்க பி.யூ. பசை 3 மி.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். இறுக்கி அழுத்திப் பசையை வெளியே பிதுக்கிவிட்டால் இணைப்பு முறியும். சிலிக்கான் வேண்டவே வேண்டாம், ஒருமுறை தொட்ட இடத்தில் பிறகு எந்தப் பசையும் பெயிண்டும் ஒட்டாது.

ஃபைபர் கூடு

இங்கே ஃபைபர் வள்ளம் செய்பவர்களிடம் இருக்கும் கைத்திறன்தான் இந்த வகைக்கு முதல் சாதகம். மேலே சொன்ன பெட்டிக்கு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு) நான்கு அடுக்கு. ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன், சதுர மீட்டருக்கு 1.5 கிலோ எடை. மேட் 41 கிலோ, ரெசின் 95 கிலோ, ஜெல் கோட் 14 கிலோ என்று கணக்கு வரும். ஜெல் கோட் அரை மி.மீ. தாண்டினால் சிலந்திவலை போல வெடிக்கும்.

ரெசினுக்கு ஹார்டனர் கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்த பிறகுதான் ஹார்டனர். இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. கார்த்திகை மழையில் பூசுவது கூடாது. மேட் ஈரத்தை உறிஞ்சிவிடும், ரெசின் வெள்ளையாய்ப் படர்ந்து இழையை நனைக்காது.

இழப்பு எங்கே என்றால், ஒற்றைச் சுவர் உள்ளே வியர்க்கும், வெயிலில் கொதிக்கும். உள்ளே 20 மி.மீ. நுரை ஒட்டியே ஆக வேண்டும், அது இல்லாத கூட்டில் மதியம் படுக்க முடியாது. மேலும் கதவுக்காக வெட்டிய கீழ்மூலைதான் முதலில் வெடிக்கும். மூலையை 50 மி.மீ. வளைவில் விட்டு, உள்ளே இரண்டு அடுக்கு கூடுதலாகப் பூசுவது நல்லது.

பழுதுபார்ப்பில் மற்ற இரண்டும் இதன் கிட்டே வராது. ஓட்டை விழுந்தால் சுற்றிலும் 50 மி.மீ. சாய்வாகத் தேய்த்து (4 மி.மீ. தோலுக்கு 12 மடங்கு), ஒவ்வொரு அடுக்கையும் முந்தையதைவிடப் பெரிதாக வைத்துப் பூசினால் பழைய பலம் பெரும்பாலும் திரும்பும். ஒட்டுப் பலகையில் அதே ஓட்டைக்கு நுரையையும் மாற்ற வேண்டும், உள்தோலையும் திறக்க வேண்டும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கரையோரத்தில் இருப்பவருக்குக் கூடு. பேச்சிப்பாறை, பத்மநாபபுரம் என்று கரையை விட்டு உள்ளே நிழலில் நிறுத்துபவருக்குச் சரியாக ஒட்டிய பலகையும் போதும்.

சேசிஸ் (அடிச்சட்டம்) மெலிவு

எடை குறைப்பின் மறைவான இடம் இதுதான். 50×50×3 இரும்புக் குழாய் மீட்டருக்கு 4.3 கிலோ, 40×40×2 குழாய் 2.3 கிலோ. 14 மீட்டரில் 28 கிலோ மிச்சம். விறைப்போ மூன்றில் ஒன்றாகச் சரிந்துவிடும். ஒட்டுப் பலகைப் பெட்டியும் ஃபைபர் கூடும் தாமே ஒரு பெட்டித் தூலமாக நின்று அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். திருகி இணைத்த மரச்சட்டம் ஈடுகட்டாது. குழியில் சேசிஸ் வளையும்போது ஜன்னல் ரப்பர் விலகும், ஈரம் உள்ளே போகும். ஆக, மரச்சட்டத்தில் மெல்லிய குழாய் கண்டால் வாங்க வேண்டாம்.

துருவுக்கு வெல்டிங் முடிந்தபின் முழுக்கச் சூட்டுக் கால்வனைசிங்தான் (உருகிய துத்தநாகத்தில் முக்குவது) வழி. மூடிய குழாய்களில் முன்னரே 10 மி.மீ. ஓட்டைகள் விட வேண்டும், இல்லையென்றால் உருகிய துத்தநாகத்தில் குழாய் வெடிக்கும். அடியில் லீஃப் ஸ்பிரிங் போதும். ரப்பர் முறுக்கில் அதிர்வைத் தாங்கும் டோர்ஷன் ஆக்சில் தாழ்வாகவும் மென்மையாகவும் ஓடும், ஆனால் உள்ளே ரப்பர் போனால் முழு ஆக்சிலையே மாற்ற வேண்டும்.

ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடப்பவர்களுக்கு ஒரு கணக்கு: மணிக்கு 54 கி.மீ. குறுக்குக் காற்று 5.4 சதுர மீட்டர் பக்கச்சுவரை 75 கிலோவுக்குக் குறையாமல் தள்ளும். இலகு டிரெய்லருக்கு அது சின்னத் தொகை அல்ல. 600 கிலோ டிரெய்லரின் 10 சதவீதமான 60 கிலோ ஹிட்ச் (காரோடு இணைக்கும் கொக்கி) மேல் இருக்கும்படி சாமானை ஆக்சிலுக்கு முன்னால் அடுக்குங்கள். பின்னால் கனத்தால் வண்டி ஆடும்.

பதிவு விஷயத்தில், கட்டுவதற்கு முன்பே நாகர்கோவில் (டி.என். 74) அல்லது மார்த்தாண்டம் (டி.என். 75) போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பெற்றுக்கொள்ளும் நாளில் தோட்டக் குழாயால் சோதனை: கீழ் இணைப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மட்டமாக மேலே, மட்டத்துக்கு 5 நிமிடம் தண்ணீர் அடிக்க வேண்டும். மேலிருந்து அடித்தால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் உள்ளே டார்ச்சுடன் இருக்கட்டும்.