நான்கு ஜாப் கார்டும் ஒரு மீட்டரும்

இந்த முறை ஊரில் இருந்த மூன்று வாரத்தில் ஆறு நாள் அப்பாவின் காருக்கே போய்விட்டது. பாளையங்கோட்டையில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். வாரத்துக்கு இரண்டு தடவைதான் காரை எடுப்பார்கள், ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும். நியூ ஜெர்சியிலிருந்து எப்போது பேசினாலும், "பேட்டரி மறுபடியும் டவுன்" என்பார் அப்பா. எட்டு மாதத்தில் நான்கு தடவை சர்வீஸ் சென்டர். புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார் என்று பதினான்காயிரம் ரூபாய் கட்டியிருக்கிறார்.

வந்த மறுநாளே அவரோடு போனேன். சர்வீஸ் அட்வைசர் பொறுமையாகத்தான் பேசினார். "சார், நைட் நிறுத்திப் பார்த்தோம், காலையில செல்ஃப் எடுக்குது. பெரியவர் லைட்டை அணைக்காம விட்டிருப்பாரு." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுபவர். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் செய்த வேலையை எழுதிவைக்கும் ஜாப் கார்டு, நான்கையும் வாங்கிப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் என்று எழுதியிருந்தது, அது சரிதான். சாவியை எடுத்த பிறகு எவ்வளவு கரண்ட் போகிறது என்று ஒரு தடவைகூட யாரும் அளக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதே தொல்லை இருந்தால், அதை அளந்து ஜாப் கார்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் பக்கத்து வீட்டு மாமா சொல்லி, வண்ணார்பேட்டையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். "அண்ணாச்சி, எத்தன நாள் நின்னா வண்டி டவுன் ஆகுது?" என்றுதான் தொடங்கினார். இரண்டு நாள் என்றார் அப்பா. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரைக் கோத்து, கதவைப் பூட்டி, முக்கால் மணி நேரம் சும்மா விட்டார். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் அடங்க அவ்வளவு நேரம் ஆகுமாம். அதற்குப் பிறகும் 0.6 ஆம்பியர். 50 மில்லி ஆம்பியரை, அதாவது 0.05 ஆம்பியரை, தாண்டக் கூடாது. மணிக்கு 0.6 வீதம், 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பன்னிரண்டு மணி நேர ராத்திரிக்கு ஏழு போனால் காலையில் செல்ஃப் எடுத்துவிடும். இரண்டு நாள் நின்றால் கிட்டத்தட்ட முப்பது போய்விடும். சர்வீஸ் சென்டரில் ஒரே ராத்திரி நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மியூசிக் சிஸ்டம் பியூஸை எடுத்ததும் மீட்டர் இறங்கியது. ரிவர்ஸ் கேமராவோடு அதே சர்வீஸ் சென்டரில் மாட்டியது அது, தொல்லை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். அதன் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரண்ட் வர வேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கி, எப்போதும் கரண்ட் வரும் இடத்தில் கொடுத்திருந்தார்கள். அப்பா பட்டனை அழுத்தித் திரையை அணைத்தாலும் உள்ளே அது விழித்தே கிடந்திருக்கிறது. பிரித்து மாட்ட 600 ரூபாய் வாங்கினார்.

அந்த ஒயரின் படங்களோடு சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போனேன். செல்ஃப் மோட்டார் பணத்தைத் தருவதாக மேனேஜர் எழுதிக் கொடுத்தார். பேட்டரிக்கு இன்னும் பதில் இல்லை. லைட் விஷயத்துக்கு அட்வைசர் அப்பாவிடம் நேரில் வருத்தம் தெரிவித்தார்.

நான்கு நாள் வண்டியைத் தொடாமல் நிறுத்தி வைத்தோம். ஐந்தாம் நாள் காலையில் பேட்டரி 12.5 வோல்ட், டவுன் ஆகவில்லை. அப்பாவே ஓட்ட, திருச்செந்தூர் போய்வந்தோம்.