அமைதியைக் காப்பவர் யார்? மூன்று ஆங்கிலேயக் குடியிருப்புகள் குறித்த ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தில் அமைதியான பகுதியில் குடியேற விரும்பி வீடு தேடுபவர்கள் விலையையும் பள்ளியையும் ரயில் நிலையத்தையும் கவனமாக விசாரிக்கிறார்கள். அங்குள்ள அமைதியை யார், எந்த அதிகாரத்தைக் கொண்டு காத்துவருகிறார்கள் என்று மட்டும் விசாரிப்பதில்லை. மரநிழல் படிந்த ஆங்கிலேயத் தெருவின் அமைதி தானாக விளைந்ததன்று. அதற்குப் பின்னால் நில உரிமையும் சட்டமும், சில இடங்களில் வெறும் அயலார் நாகரிகமும் நிற்கின்றன. வடமேற்கு லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப், அதற்கும் மேற்கே ஹாரோவைச் சேர்ந்த ரேனர்ஸ் லேன், ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் லெட்ச்வர்த் ஆகிய மூன்றையும் இந்தக் கோணத்தில் ஒப்பிட்டால் வேறுபாடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

மூன்றிலும் மிக ஆழ்ந்த அமைதி ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்பில்தான் நிலவுகிறது. கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பலில் ஏழைகளிடையே பல்லாண்டுகள் பணியாற்றிய ஹென்றியேட்டா பார்னெட், ஈட்டன் கல்லூரிக்குச் சொந்தமாயிருந்த 243 ஏக்கர் நிலத்தில் 1907இல் இதைத் தொடங்கினார். இதற்கென்றே 1906இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. ஏக்கருக்குச் சராசரியாக எட்டு வீடுகளுக்கு மேல் கூடாது, எதிரெதிர் வரிசை வீடுகளுக்கிடையே குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பவை அதன் விதிகள். தோட்டங்களைச் சுவரால் பிரிக்காமல் உயிர்வேலியால் பிரிக்க வேண்டும் என்பதும், தேவைப்பட்டால் தேவாலய மணியோசையைக்கூடத் தடுக்கலாம் என்பதும் பார்னெட் அம்மையாரின் திட்டத்தில் இருந்தன. எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த நடுச்சதுக்கத்தில் இரண்டு தேவாலயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு கடைகூட இல்லை, மதுவிடுதியும் இல்லை. பால் வாங்க வேண்டுமானாலும் டெம்பிள் ஃபார்ச்சூனுக்கோ மார்க்கெட் பிளேசுக்கோ, அதாவது குடியிருப்பின் விளிம்புக்கு, நடந்துதான் போக வேண்டும்.

வார நாளொன்றின் பகற்பொழுதில் அந்தத் தெருக்களில் நடந்தால் காட்டுப்புறாவின் குரலும், எங்கோ ஒரு தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தின் ஓசையும் அன்றி வேறொன்றும் காதில் விழாத நேரங்கள் உண்டு. அந்த அமைதியின் அழகை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனால் அதன் வரலாறு எனக்கு வருத்தமளிக்கிறது. வாரக்கூலி பெறும் தொழிலாளியும் வசதி படைத்தவரும் ஒரே குடியிருப்பில் வாழ வேண்டும், அதற்காக மனை வாடகை குறைவாக இருக்க வேண்டும் என்பதே பார்னெட் அம்மையாரின் முதல் நோக்கமாக இருந்தது. தொழிலாளருக்கென வடபகுதியில் கட்டப்பட்ட சிறு வீடுகளைக்கூட இன்று எந்தத் தொழிலாளியாலும் வாங்க முடியாது. வீட்டின் தோற்றத்தையும் உயிர்வேலியையும் அறக்கட்டளை ஒன்றின் அனுமதி விதிகளால் கட்டிக்காக்கும் ஏற்பாடு நிலைத்தது. விலையைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடு நிலைக்கவில்லை. அமைதியிலும் ஒரு பிளவு உண்டு: ஏ1 நெடுஞ்சாலை குடியிருப்பின் வடபகுதியை ஊடறுத்துச் செல்வதால், அதை ஒட்டிய வீடுகளில் சன்னலைத் திறந்து வைத்து உறங்குவது கடினம்.

ரேனர்ஸ் லேன் இதற்கு நேர்மாறானது. 1906இல் வயல்களுக்கு நடுவே ஒரு சிறு ரயில் நிறுத்தமாகத் தொடங்கிய இடம், 1930களில் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயோடு தொடர்புடைய நிறுவனமும் தனியார் கட்டுநர்களும் எழுப்பிய செமி-டிடாச்டு (இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய) வீடுகளால் சில ஆண்டுகளிலேயே நிரம்பியது. வளைந்த முகப்புச் சன்னல், முன்னால் சிறு தோட்டம், பின்னால் நீண்ட புல்வெளி என்ற அந்த அமைப்பையே பலர் ஆங்கிலேயப் புறநகர் என்று மனதில் வைத்திருக்கிறார்கள். இங்கே தெரு அமைதியானது. வீடு அவ்வளவு அமைதியானதன்று. இரண்டு வீடுகளுக்கும் பொதுச்சுவர் ஒன்றே என்பதால், பக்கத்து வீட்டுக் குழந்தை மாடிப்படியில் ஓடுவதும் குக்கர் விசில் அடிப்பதும் சுவர் வழியே வந்து சேர்கின்றன.

தோற்றத்தைக் காக்க இங்கே அறக்கட்டளை எதுவும் இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு நாட்டின் பொதுச் சட்டங்கள் மட்டுமே பொருந்தும். செமி-டிடாச்டு வீட்டின் கூரையை 50 கன மீட்டர் வரை, தனித் திட்ட அனுமதி பெறாமலே, விதிகளுக்குட்பட்டு விரிவாக்கி அதனடியில் அறை அமைக்கலாம். பொதுச்சுவரில் வேலை செய்வதென்றால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மாதம் முன்னதாக அண்டைவீட்டாருக்கு அறிவிப்புத் தர வேண்டும். எனவே எந்த ஆண்டிலும் தெருவில் ஏதேனும் ஒரு வீட்டில் துளையிடும் ஓசை கேட்டுக்கொண்டேயிருக்கும். முன்தோட்டங்கள் பல, கார் நிறுத்துவதற்காகக் கல் பாவப்பட்டுவிட்டன. நீர் புகாத தளத்தை ஐந்து சதுர மீட்டருக்கு மேல் போடுவதானால் அனுமதி வேண்டும் என்ற விதி 2008இல்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ உயிர்வேலிகள் போய்விட்டன.

ஆனால் இதே தளர்வுதான் இந்தப் பகுதியைப் புதியவர்களுக்குத் திறந்துவிட்டது. பழைய திரையரங்கு ஒன்று இன்று பார்சிகள் உள்ளிட்ட ஜொராஸ்ட்ரியர்களின் வழிபாட்டு மையமாக விளங்குகிறது. ரேனர்ஸ் லேனிலும் தென் ஹாரோவிலும் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. முருங்கைக்காயும் இடியப்ப மாவும் நடைதூரத்தில் கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ பிள்ளைகளிடம் வந்து தங்கும் ஒரு தாய்க்கு இது சிறிய விஷயமன்று. டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் நாட்டில், நாள் முழுவதும் ஒரு குரலும் கேளாத அழகிய தெரு முதியவர்களுக்குச் சிறையாகிவிடக்கூடும். அவர்களுக்கு வேண்டியது பெயர் சொல்லி விசாரிக்கும் ஒரு கடைக்காரரும், நடந்தே போய்ச் சேரக்கூடிய ஒரு கடைத்தெருவும்தான். இதில் சபர்பின் பேரமைதியை ரேனர்ஸ் லேன் வென்றுவிடுகிறது என்றே சொல்வேன்.

லெட்ச்வர்த் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதல்ல. அதன் அடிப்படையே வேறு. எபனேசர் ஹோவர்ட் 1898இல் முன்வைத்த தோட்ட நகரக் கருத்தின் (வீடும் தொழிலும் பசுமையும் ஒருங்கே அமைந்த ஊர்) முதல் வடிவமாக, ஏறத்தாழ 3,800 ஏக்கர் விளைநிலத்தை வாங்கி 1903இல் அதைத் தொடங்கினார்கள். வரைபடம் போட்ட ரேமண்ட் அன்வினும் பேரி பார்க்கரும்தான் பின்னர் சபர்புக்கும் திட்டமிட்டார்கள். ஆனால் லெட்ச்வர்த்தில் தொழிற்சாலைகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். மேற்கிலிருந்து வீசும் காற்று புகையை வீடுகளின் பக்கம் கொண்டுவராதிருக்க அவற்றை ஊரின் கிழக்கே வைத்தார்கள். இங்கும் மது விற்பனைக்கு நெடுங்காலம் தடை இருந்தது. 1907இல் திறக்கப்பட்ட ஸ்கிட்டில்ஸ் இன் என்ற விடுதியில் பேச்சும் விளையாட்டும் இருந்தன, மது இல்லை.

ஹோவர்டின் கருத்தில் இன்றளவும் உயிரோடிருப்பது நிலத்தைப் பற்றிய பகுதிதான். ஊர் வளர்வதால் நிலத்தின் மதிப்பு கூடுமானால் அந்தக் கூடுதல் ஊருக்கே திரும்ப வேண்டும் என்றார் அவர். 1960இல் தனியார் நிறுவனம் ஒன்று பங்குகளை வாங்கி நிலத்தைக் கைப்பற்றியபோது ஊரார் எதிர்த்து நின்றார்கள்; 1962இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி நிலத்தைப் பொதுக் கழகம் ஒன்றிடம் ஒப்படைத்தது. 1995முதல் அதை நிர்வகிப்பது லெட்ச்வர்த் கார்டன் சிட்டி ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன். கடைகள், தொழிற்கூடங்கள், பண்ணைகள் ஆகியவற்றின் வாடகை வருமானத்தை அது ஊருக்கே செலவிடுகிறது. ஊரின் திரையரங்கும், ஊரைச் சுற்றி 13.6 மைல் நீளத்துக்குச் செல்லும் கிரீன்வே பாதையும் அதன் பொறுப்பில் உள்ளன. வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற இங்கும் அனுமதி பெற வேண்டும். கதவு, சன்னல் போன்றவற்றுக்கே விண்ணப்பிக்க நேர்வது சிலருக்கு எரிச்சலூட்டும். ஆனால் அந்த அனுமதியைக் கேட்கும் அமைப்பே நமது மாலை நடைக்கான பாதையையும் பராமரிக்கிறது என்பதால், கட்டுப்பாட்டுக்கு ஈடாக ஏதோ ஒன்று கையில் கிடைக்கிறது.

லண்டன் கிங்ஸ் கிராஸுக்கு விரைவு ரயிலில் சுமார் அரை மணி நேரம். ரயில் தவறினாலோ ரத்தானாலோ மாற்றுவழி எளிதன்று, ரேனர்ஸ் லேனில் இரண்டு பாதாள ரயில் தடங்கள் இருப்பதுபோல் இங்கே இல்லை. தமிழ்க் கடைக்கும் கோயிலுக்கும் பெரும்பாலும் பயணம் வேண்டும். இக்குறைகளைத் தெரிந்தே, வளரும் குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு நான் லெட்ச்வர்த்தைத்தான் முதலில் சொல்வேன். நார்ட்டன் காமன் என்ற மரமடர்ந்த பொதுவெளி ஊரின் நடுவிலேயே இருக்கிறது. அங்கு கறுப்பு அணில்களைப் பார்க்கலாம். வேலைக்குப் போகிறவரும் ஓய்வுபெற்றவரும் ஒரே கடைத்தெருவைப் புழங்குகிறார்கள். பெற்றோரும் உடன் வாழப்போகிறார்கள் என்றால் ரேனர்ஸ் லேன் பக்கம் போவதே நல்லது. அங்கே வீட்டைப் பார்க்கச் செல்பவர்கள் பொதுச்சுவரை ஒட்டிய அறையில் பத்து நிமிடம் பேசாமல் நின்று பார்க்கட்டும், அதுவும் பக்கத்து வீட்டார் எல்லோரும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில்.