சாக்கெட் வைத்த ஹோண்டா பி28 இசியு: வாங்கலாமா?

ஈஜி சிவிக்கில் (தொண்ணூறுகளின் முற்பாதி ஹோண்டா சிவிக்) பி16ஏ எஞ்சின் ஏற்றியவர்களுக்கு "பி28 போட்டுடு, கார் பறக்கும்" என்ற அறிவுரை எங்கிருந்தாவது வந்துவிடும். பி28 என்பது ஓர் இசியு, அதாவது எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் (பெட்ரோல்), எப்போது பொறி என்று முடிவு செய்கிற கணினிப் பெட்டி. மலேசியாவில் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்) கடைக்காரர் சொல்வார், போமன் (மெக்கானிக்) சொல்வார், எண்ணெய் அடிக்கும்போது பக்கத்து பம்பில் நிற்கிற ஆள்கூடச் சொல்வார். நானும் சாக்கெட் வைத்து, சிப் போட்டு விற்கிற ஒரு பழைய பி28 பெட்டியை வாங்கி, ஹாஃப்கட்டோடு வந்த பி30 பெட்டியைக் கழற்றிவிட்டு மாட்டியிருக்கிறேன். பெட்டி உருப்படியானதுதான். ஆனால் இதைப் பற்றிச் சொல்லப்படுகிற கதைகளில் பாதிக்கு அர்த்தமே இல்லை, மீதிப் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சிப்பைப் பற்றியது, பெட்டியைப் பற்றியது இல்லை.

முதலில் எண்கள். (பி16ஏ என்பது எஞ்சின், பி28, பி30, பி72 எல்லாம் இசியு பெட்டிகள். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 37820-பி28-ஏ00 என்கிற மாதிரி இருக்கும். 37820 என்றால் ஹோண்டா கணக்கில் இசியு, அவ்வளவுதான், எல்லாப் பெட்டியிலும் அது இருக்கும். நடுவில் இருக்கிற மூன்றுதான் எந்தக் கார், எந்த எஞ்சின் என்று சொல்லும். பி28 என்பது 1992 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற சிவிக் எஸ்ஐ, ஈஎக்ஸ் கார்களின் பெட்டி. அதில் இருந்தது டி16இசட்6, ஒற்றை கேம்ஷாஃப்ட் வீடெக், 125 குதிரைத்திறன். (வீடெக் என்பது எஞ்சின் வேகம் ஏறியதும் வால்வுகளைச் சின்ன கேமிலிருந்து, அதாவது வால்வைத் திறக்கிற மேட்டிலிருந்து, பெரிய கேமுக்கு மாற்றுகிற ஹோண்டா ஏற்பாடு.) பி30 என்பது ஜப்பான் ஈஜி6 எஸ்ஐஆர் காருக்கு, அதாவது 1,595 சிசி இரட்டை கேம்ஷாஃப்ட் பி16ஏ-வுக்கே ஹோண்டா எழுதிய பெட்டி, 7,800 ஆர்பிஎம்மில் 170 பிஎஸ். பி72 பெட்டி 1994-95 இன்டெக்ரா ஜிஎஸ்ஆர் 1.8 எஞ்சினுக்கு. பி06 வீடெக்கே இல்லாத சாதா சிவிக்குக்கு.

ஆக, பி28 பி16ஏ எஞ்சினுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. சிப் எதுவும் வைக்காத தொழிற்சாலை பி28-ஐ அப்படியே கொண்டுபோய் பி16ஏ-வில் செருகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வீடெக் 4,800 பக்கத்திலேயே திறந்துவிடும், 7,200 தாண்டியதும் எண்ணெயை வெட்டிவிடும். எஞ்சின் தன் முழு பவரைக் கொடுக்கிற இடம் 7,800, அங்கே போகவே விடாது! கார் ஓடும், ஸ்டார்ட் ஆகும், மார்க்கெட்டுக்குப் போய் வரலாம். இதைத்தான் சிலர் "பிளக் அண்ட் பிளே" என்று விற்கிறார்கள்.

அப்படியிருந்தும் இந்தப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு பெயர்? அமெரிக்காவில் அந்தக் கார்கள் ஏராளமாக ஓடின, பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன, வீடெக் சோலனாய்டை (அதைத் திறக்கிற மின்சார வால்வு) இயக்கும் சர்க்யூட் அதில் ஏற்கெனவே இருந்தது. இதைவிட முக்கியம், பலகையில் ஹோண்டா விட்டு வைத்த காலி இடம். உள்ளே இருப்பது ஓகி கம்பெனி பிராசசர், எஞ்சின் புரோகிராம் அதற்குள்ளேயே இருக்கும், மாற்ற முடியாது. ஆனால் பக்கத்தில் 28 கால் சிப்புக்கான துளைகள் காலியாக இருக்கும். அங்கே ஒரு சாக்கெட், ஒரு 74எச்சி373 லாட்ச் சிப், ஆர்54 இடத்தில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சி51, சி52 இடங்களில் இரண்டு சின்ன கெபாசிட்டர், ஜே1 என்ற இடத்தில் ஒரு துண்டு கம்பி. இவ்வளவையும் பற்றவைத்தால் பிராசசர் தன் சொந்த புரோகிராமை விட்டுவிட்டு, வெளியே நீங்கள் செருகுகிற 27சி256 சிப்பைப் படிக்க ஆரம்பிக்கும். வெறும் 32 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு காலை வணக்கம் படம் அதைவிடப் பெரிசு, ஆனால் இரண்டு கேமுக்கும் தனித்தனியாக எண்ணெய் டேபிள், இக்னிஷன் டேபிள், ஐடில், வீடெக் நேரம், ரெவ் லிமிட் (எஞ்சின் வேக உச்சம்) எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகிறது.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஜே1 போட்ட பிறகு அந்தப் பெட்டி பி28 என்பதற்கு ஏறக்குறைய எந்த அர்த்தமும் இல்லை. சிப்பில் பி30 புரோகிராம் எழுதினால் அது பி30 மாதிரி நடக்கும், பி72 புரோகிராம் எழுதினால் பி72 மாதிரி நடக்கப் பார்க்கும். பி06 பெட்டியிலும் அந்தத் துளைகள் உண்டு, வீடெக்குக்கான சில பாகங்கள் மட்டும் குறைவு, அவற்றைப் பற்றவைத்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். பி30-யிலும் சாக்கெட் வைக்கலாம், அரிய பெட்டியாச்சே என்று யாருக்கும் சால்டரிங் இரும்பை வைக்க மனசு வராது. எனவே "ஒரிஜினல் பி28" என்று கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) கேட்டால், நீங்கள் அந்த ஸ்டிக்கருக்குக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒழுங்காகப் பற்றவைத்த, வீடெக் பாகங்கள் சேர்த்த பி06 குறைந்த விலைக்குக் கிடைத்தால் நான் தயங்காமல் அதைத்தான் எடுப்பேன்.

இனி நான் வாங்கியது. விற்றவர் பெயர் வேண்டாம். பற்றவைப்பு வேலை சுத்தம், சாக்கெட் நேராக உட்கார்ந்திருந்தது, பலகையில் பசை மிச்சம் எதுவும் இல்லை, அதற்கு முழு மதிப்பெண். சிப் பழைய மாதிரி, நடுவில் கண்ணாடி ஜன்னல் உள்ளது. அல்ட்ரா வயலட் வெளிச்சத்தால் அழிகிற வகை, அதனால் ஜன்னலை ஸ்டிக்கரால் மூடி வைப்பார்கள். இதில் மூடவில்லை. கால் வைக்கும் இடத்தில் பேனலுக்குப் பின்னால் இருட்டில் கிடக்கிற பெட்டிதான், உடனே ஒன்றும் ஆகாது, ஆனாலும் ஒரு துண்டு டேப் ஒட்டுவதற்கு என்ன செலவு?

சிப்புக்குள் இருந்ததுதான் மோசம். வீடெக்கை 4,500-க்கு இறக்கி வைத்திருந்தார். இந்த விற்பனையாளர்களுக்கு இது ஒரு பழக்கம், சத்தம் சீக்கிரம் மாறினால் வாங்கியவர் மகிழ்ந்துவிடுவார் என்று கணக்கு. பெரிய கேம் உயரமாக, நீண்ட நேரம் வால்வைத் திறக்கிறது, குறைந்த வேகத்தில் அதற்குக் காற்று நிரப்பத் தெரியாது. சின்ன கேமின் இழுவை விழ ஆரம்பித்து பெரிய கேமின் இழுவை அதைத் தொடுகிற இடம்தான் சரியான இடம், பி16ஏ-வில் அது 5,500-ஐ ஒட்டி வரும். 4,500-இல் மாற்றினால் சத்தம் வரும், கார் ஒரு கணம் சோர்ந்து போகும், அப்புறம் எழும். அந்தச் சோர்வுக்குப் பிறகு வருகிற உதையைத்தான் "அடி" என்று பலர் ரசிக்கிறார்கள்.

அதோடு ஆக்சிஜன் சென்சாரையும் அணைத்து வைத்திருந்தார். அணைத்தால் பெட்டி எக்ஸாஸ்டைப் பார்த்துக் கலவையைத் திருத்தாது, டேபிளில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றும். அவருடைய டேபிளோ கைக்கு வந்தபடி கூடுதல் எண்ணெய். சிக்னலில் நின்றால் பின்னால் நாற்றம், பிளக் எல்லாம் கரி, எண்ணெய்ச் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறியது. லைட் எதுவும் எரியாதே என்று கேட்காதீர்கள், லைட் எரியவிடாமல் செய்வதும் ட்யூனிங் மென்பொருளில் ஒரு டிக் தான்.

அந்த சிப்பை எடுத்துப் போட்டுவிட்டு, எஸ்எஸ்டி 27எஸ்எஃப்512 என்ற, லாம்ப் இல்லாமலே அழித்து எழுதக்கூடிய சிப் வாங்கி, குரோம் என்ற ட்யூனிங் மென்பொருளில் பி30 அடிப்படை புரோகிராமை எடுத்து எழுதினோம். ஆக்சிஜன் சென்சாரைத் திரும்ப உயிர்ப்பித்தோம். ஈஎல்டி என்று அமெரிக்கக் கார்களில் மின்சார லோடு அளக்கிற ஒரு பாகம் உண்டு, என் வயரிங்கில் அது கிடையாது, அமெரிக்க புரோகிராம் போட்டால் 20 என்ற பிழை எண் மின்னும், அதை மட்டும் நியாயமாக அணைக்கலாம். இதற்குப் பிறகுதான் இது கார் மாதிரி ஓடுகிறது. பி30-க்கும் இதற்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால், ஜப்பான் பெட்டியின் 180 கிலோமீட்டர் வேக வெட்டு இதில் இல்லை, ரெவ் லிமிட்டை நாமே வைத்துக்கொள்ளலாம், அப்புறம் எக்ஸாஸ்டோ இன்டேக்கோ மாற்றினால் அதற்கேற்ப டேபிளைத் திருத்தலாம். எஞ்சினில் கை வைக்காத ஆளாக இருந்தால் இந்த மூன்றும் உங்களுக்குத் தேவையில்லை. பி30-ஐ விட்டு இறங்காதீர்கள், ஹோண்டா ஆட்கள் அந்த ஐடிலுக்கும் குளிர் ஸ்டார்ட்டுக்கும் உழைத்த உழைப்பு எந்தக் கடை சிப்பிலும் வராது.

பி72 போடலாமா என்றும் கேட்பார்கள். அதில் நாக் சென்சார் (எஞ்சின் தட்டுகிற சத்தத்தைக் கேட்பது) சர்க்யூட் இருக்கிறது, இன்டேக்கில் இரண்டாம் வழி திறக்கிற ஐஏபி கட்டுப்பாடும் இருக்கிறது. ஜிஎஸ்ஆர் எஞ்சினுக்கு அதுதான் சரி. நாக் சென்சார் வயர் இல்லாத காரில் செருகினால் 23 என்று மின்னிக்கொண்டே இருக்கும். அதே நேரம் பி28-இல் நாக் சென்சார் வசதியே இல்லை என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் வெயிலில், நெரிசலில் நின்று சூடான எஞ்சினில், யாரோ தாராளமாக இக்னிஷன் முன்னே தள்ளிய சிப்போடு ரோன் 95 (சாதா பெட்ரோல்) ஊற்றினால் எஞ்சின் தட்டும், பெட்டிக்கு அது கேட்காது. ரோன் 97 ஊற்றுங்கள், அல்லது டைமிங்கைக் குறையுங்கள்.

பழைய ஈஎஃப்9 (ஈஜிக்கு முந்திய சிவிக்) ஆட்களின் பிடபிள்யூ0 பெட்டி வேறு தலைமுறை, ஓபிடி0 (இங்கே பேசுகிற பெட்டிகள் ஓபிடி1), பிளக்கே வேறு, டிஸ்ட்ரிபியூட்டர் வயரும் வேறு, ஆக்சிஜன் சென்சார் இரண்டு. 1996-க்குப் பிந்தைய ஓபிடி2 பெட்டிகளில் இந்த மாதிரி சாக்கெட் வைக்க வழியில்லை, அதனால்தான் ஈகே (ஈஜிக்குப் பிந்திய சிவிக்) ஓட்டுகிறவர்கள்கூட நடுவில் ஒரு மாற்று வயர் போட்டு இந்த ஓபிடி1 பெட்டிக்குத் திரும்பி வருகிறார்கள்.

டர்போ எண்ணம் இருந்தால், ஒரிஜினல் மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது) ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ பூஸ்ட் வரைதான் படிக்கும். அதற்கு மேல் சென்சார் மாற்ற வேண்டும். அந்த நிலைக்குப் போகிறவர்கள் சிப்போடு மல்லுக்கட்டாமல் ஹோண்டேட்டா எஸ்300 பலகையை இதே பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம், விலை அதிகம், ஆனால் லேப்டாப்பை யுஎஸ்பியில் செருகி ஓடும்போதே பார்க்கலாம், சிப்பைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருக வேண்டியதில்லை.

வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் இறங்கிய பச்சை பூத்திருக்கிறதா, கெபாசிட்டர் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள், பயணி காலடியில் இருக்கிற பெட்டி, கண்ணாடி ரப்பர் ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். ஆட்டோ கியர் காரிலிருந்து வந்த பி28-ஐ மேனுவலில் போட்டால் ஆட்டோ கியரில் மட்டும் இருக்கிற லாக்கப் சோலனாய்டைத் தேடி 19 என்ற பிழை எண் காட்டும், சிப்பில் சரிசெய்து தரச் சொல்லுங்கள். கார் சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் உடனே இசியு போச்சு என்று இன்னொரு பெட்டி வாங்க ஓடாதீர்கள். இந்த வயது ஹோண்டாக்களில் மெயின் ரிலேயின் (இசியுவுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தருகிற சுவிட்ச்) ஈயப் பற்று விரிசல் விடுவது வழக்கம். அதைக் கழற்றித் திரும்பப் பற்றவைத்துப் பாருங்கள், செலவு ஒரு டீ காசுதான்.