அம்மாவுக்கு வாங்கிய கிழமைக் கடிகாரம்: மூன்று நட்சத்திரம்

போன ஆனி மாதம், சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை அம்மா ஒரே மத்தியானத்தில் ஐப்பசி வரை கிழித்துப் போட்டுவிட்டாள். நான் கடைக்குப் போய்த் திரும்பினால் தரையெல்லாம் தாள். "ஏட்டி, தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைச்சாச்சா?" என்று கேட்டாள். அன்று ராத்திரிதான் இந்த டிஜிட்டல் கடிகாரத்தை ஆர்டர் போட்டேன்.

எட்டு அங்குலத் திரை. கிழமை, தேதி, மணி, காலையா மாலையா எல்லாம் கொட்டை எழுத்தில் வரும். விலை 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

பெரிய குறை, தமிழ் இல்லை. பிரெஞ்சு இருக்கிறது, ஜெர்மன் இருக்கிறது. அம்மா 30 வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு அனா ஆவன்னா எழுதப் பழக்கியவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள், அதனால் தப்பித்தேன். அதுவும் தெரியாதவர்களுக்கு இது வெறும் வெளிச்சப் பெட்டிதான்.

மாத்திரைக்கு அலாரம் வைக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிட்டேன். அது அடித்ததும், "பெல் அடிச்சிட்டு" என்று எழுந்து குடையைத் தேட ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி வெளிச்சம் தானாகக் குறைகிறது, ஆனாலும் போதாது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுகிறேன். இல்லாவிட்டால் மூன்று மணிக்கே குளிக்கக் கிளம்பிவிடுகிறாள்.

உபயோகம் என்னவென்றால், முன்பு காபிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நாற்பது தடவை கிழமை கேட்பாள். அம்மாவுக்கு வந்திருக்கிற அல்சைமர் என்கிற மறதி நோயில், மூளையில் ஹிப்போகாம்பஸ் என்கிற இடம் ஆரம்பத்திலேயே கெட்டுவிடுமாம், புதிதாகக் கேட்டதைப் பதிய வைக்கிற இடம் அதுதான் என்று டாக்டர் சொன்னார். பழையது அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால்தான் பள்ளிக்கூடம் அப்படியே இருக்கிறது, நான் இப்போது சொன்ன பதில் இல்லை. இது வீம்பு இல்லை என்று எனக்கு உறைக்கவே ஒரு வருஷம் ஆனது. அதுவரை நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் தெரியும். இப்போது "கடிகாரத்தைப் பாரும்மா" என்கிறேன். கேள்வி பாதியாகக் குறைந்திருக்கிறது. நாற்பத்தோராவது தடவையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறது, என்னால் முடியாதது.

தம்பிக்கு இதெல்லாம் புரியாது. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போனில் பேசிவிட்டு, "நல்லாத்தானக்கா பேசுதா" என்பான்.

ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு, வாசிப்பு இன்னும் கைவிடாதவர்களுக்கு, தாராளமாக வாங்கலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு பதற்றம் வருமே, அதற்கு இது உதவாது. நேற்று அந்த நேரத்தில் திரை முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, "வெள்ளிக்கிழமை" என்று சரியாகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம். உடனே திரும்பி, "அப்ப பள்ளிக்கூடம் உண்டுல்லா? என் குடைய எங்க வச்ச?" என்றாள்.

"இன்னைக்கு லீவும்மா."

"யாரு விட்டா?"

"கலெக்டர்" என்றேன். சரியென்று உட்கார்ந்துகொண்டாள்.