ஒரு மொறிஸ் மைனரின் பிறந்த ஆண்டு: பதினொரு வருடம் ஓட்டிய பின் எழுதுவது

யாழ்ப்பாணத்தில் நான் வைத்திருக்கும் நான்கு கதவு மொறிஸ் மைனரை வாங்கிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வாங்கிய அன்று விற்றவர் மூன்று விடயங்களைச் சொன்னார். கார் 1957 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. எஞ்சின் காரோடு வந்தது. நிறம் தகப்பன் காலத்திலிருந்தே வெள்ளை. அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை, ஏனெனில் பதிவுப் புத்தகத்தில் 1957 என்றுதான் இருந்தது, மற்ற இரண்டையும் அவர் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருந்தார். ஆனால் மூன்றும் பிழை என்பதை அறிய எனக்கு ஏறத்தாழ இரண்டு வருடங்கள் பிடித்தன. அப்படித் தேடி அறிந்தது அதன் பிறகு ஒன்பது வருட ஓட்டத்தில் எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

தேடலுக்குக் காரணம் ஆர்வமன்று, ஒரு சோடி பிறேக் சூக்கள். முன்சக்கரத்துக்கானவற்றை ஒரு கடையில் "மொறிஸ் மைனர்" என்று மட்டும் சொல்லி வரவழைத்தேன். வந்தவை எட்டு அங்குல டிரம்முக்கு உரியவை. என் காரில் இருப்பதோ ஏழு அங்குலம். எட்டு அங்குல முன் பிறேக், 1962 இல் 1098 சிசி எஞ்சினோடு வந்த கார்களுக்கு உரியது. 1948 முதல் 1971 வரை ஏறத்தாழப் பதினாறு இலட்சம் மைனர்கள் தயாரிக்கப்பட்டன. வெளித்தோற்றம் பெரிதாக மாறாத அந்த இருபத்து மூன்று ஆண்டுகளுக்குள் எஞ்சின் மட்டும் 918, 803, 948, 1098 சிசி என நான்கு வகையாக வேறுபட்டது. ஆகவே காரின் பெயரைச் சொல்லி உதிரிப்பாகம் கேட்பது, ஊர்ப்பெயரை மட்டும் எழுதிக் கடிதம் போடுவதைப் போன்றது. கடைக்காரர் பாகத்தைத் திருப்பி எடுக்கவில்லை. பிழை அவருடையது மட்டுமல்ல என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

காரின் பூர்வீகம் கேட்டு எவருக்கும் கடிதம் எழுதுவதற்கு முன் காரையே ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்பதை நான் பிந்தித்தான் கற்றேன். என் காரின் முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பியால் பிரிக்கப்பட்ட இரண்டு தட்டைக் கண்ணாடிகளால் ஆனது. 1956 ஒக்ரோபரில் "மைனர் 1000" வெளிவந்தபோது இந்தப் பிரிகண்ணாடி நீங்கி, வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. எனவே 1957 என்ற ஆண்டின்மீது முதல் ஐயம் அங்கேயே விழுந்தது. முன்கிறில்லின் சட்டங்கள் கிடையாக இருக்கின்றன. வேகமானி டாஷ்போட்டின் நடுவில், இருபுறமும் திறந்த பெட்டிகளோடு இருக்கிறது. இவ்விரண்டு மாற்றங்களும் 1954 ஒக்ரோபரில் வந்தவை. ஆக, ஒரு காகிதமும் புரட்டாமல், காரின் முன்னே நின்று பார்த்தே அது 1954 இன் கடைசிக்கும் 1956 இன் கடைசிக்கும் இடைப்பட்டது என்று சொல்லிவிட முடிந்தது. பொனற்றின் நடுவே ஓடும் அகன்ற மேடான பட்டியைக் காட்டி, அதுதான் பழைய மொடல் என்பதற்கு அடையாளம் என்று சிலர் சொல்வதுண்டு. வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸ் கடைசி நேரத்தில் மாதிரிக் காரை நீளவாக்கில் அறுத்து நான்கு அங்குலம் அகலமாக்கியதால் வந்த பட்டி அது. முதற் காரிலிருந்து கடைசிக் கார் வரை இருப்பதால் அது காலம் எதையும் சொல்லாது.

அடுத்தது பொனற்றுக்குள், எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் பொருத்தப்பட்ட சிறிய செசித் தகடு, அதாவது தொழிற்சாலை காருக்கு இட்ட செசி இலக்கம் உள்ள தகடு. பல தடவை பூசிய பெயின்ற்றை மெல்லச் சுரண்டியபோது எண்ணுக்கு முன்னால் எஃப்-ஏ-ஜே-21 என்ற குறி தெரிந்தது. 1952 முதல் 1958 வரையிலான மைனர்களில் இந்த ஐந்து குறிகளும் தனித்தனியே பொருள் தருவன. எஃப் என்பது மைனர். ஏ என்பது நான்கு கதவு. ஜே என்பது கடுஞ்சாம்பல் நிறம். 2 என்பது ஏற்றுமதிக்கான வலப்பக்கச் சுக்கான். கடைசி 1 பெயின்ற்றின் வகை. வெள்ளைக் கார் என்று நான் வாங்கியது சாம்பல் காராகப் பிறந்தது என்பதை அந்த ஓர் எழுத்துச் சொன்னது. நம்பாமல், கதவு ரப்பரைக் கழற்றி அதன் அடியிலும் பார்த்தேன். வெள்ளைக்கும் அதற்குக் கீழிருந்த ஒரு பச்சைக்கும் அடியில் சாம்பல் இருந்தது. எங்கள் பகுதி கராஜில் ஐம்பது வருடம் வேலை செய்த ஐயா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வெள்ளைக் கார் இல்லை, வெள்ளை பூசின கார்" என்றார்.

செசித் தகட்டுக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் முரண்பாடு வந்தால் தகட்டையே நம்ப வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் தகட்டையும் ஒருவர் வேறு காரிலிருந்து கழற்றிப் பூட்டியிருக்கலாம் என்பதால் மூன்றாவது சாட்சி ஒன்று தேவைப்பட்டது. அது காரின் முன்னும் பின்னும் எல்லாரும் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது. என் காரின் பதிவிலக்கம் இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்குகிறது. 1957 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து புதிய பதிவுகளுக்குச் சிங்கள "ஸ்ரீ" எழுத்து வந்ததும், அதற்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் எழுந்த போராட்டமும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆங்கில எழுத்து இலக்கம் உள்ள கார் அதற்கு முன்னரே பதிவாகியிருக்க வேண்டும். பின்னர் பதிவுப் புத்தகத்தின் பக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, 1957 என்பது கார் இரண்டாவது உரிமையாளருக்குக் கைமாறிய ஆண்டு என்பது தெரிந்தது. எப்போதோ ஒரு பிரதி எழுதியபோது அது தயாரிப்பு ஆண்டு என்ற கட்டத்துக்குள் ஏறியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பின்னரே இங்கிலாந்துக்கு எழுதினேன். வாரிக்‌ஷயரில் உள்ள கேய்டன் என்னும் ஊரில் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. மொறிஸ், ஒஸ்ரின், எம்.ஜி. முதலிய பல நிறுவனங்களின் மூலத் தயாரிப்புப் பேரேடுகளை அங்குள்ள அறக்கட்டளை பாதுகாக்கிறது. கட்டணம் செலுத்தி, செசி இலக்கத்துக்குச் சான்று காட்டினால், அந்தப் பேரேட்டில் உங்கள் காருக்குரிய வரியைப் பார்த்து மரபுரிமைச் சான்றிதழ் ஒன்றைத் தருவார்கள். தகட்டின் புகைப்படத்தையும் பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் அனுப்பினேன். சில வாரங்களில் சான்றிதழ் தபாலில் வந்தது. ஒக்ஸ்போட் அருகே கௌலித் தொழிற்சாலையில் 1955 ஓகஸ்ட்டில் கட்டப்பட்டது, அடுத்த மாதம் அனுப்பப்பட்டது, சேருமிடம் இலங்கை, நிறம் கிளாரண்டன் கிறே, உள்ளலங்காரம் மறூன், எஞ்சின் இலக்கம் ஏ-பி-எச்-எம் என்று தொடங்குவது. அவ்வளவுதான்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பேரேடு, கார் தொழிற்சாலையின் வாசலைத் தாண்டியதும் முடிந்துவிடுகிறது. எந்தக் கப்பல், முதலில் வாங்கியவர் யார், எப்போது யாழ்ப்பாணம் வந்தது என்ற எதற்கும் அதில் விடையில்லை. நான் காரிலிருந்தே கண்டறிந்தவற்றுள் ஆண்டின் எல்லையையும் நிறத்தையும் அது உறுதிப்படுத்தியது. மாதத்தையும் மூல எஞ்சின் இலக்கத்தையும் புதிதாகத் தந்தது. முதல் இரண்டுக்காக மட்டும் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் அந்த எஞ்சின் இலக்கம், கொடுத்த பணத்தை எனக்குப் பல மடங்காகத் திருப்பித் தந்தது.

ஏ-பி-எச்-எம் என்பது 803 சிசி எஞ்சினின் குறி. என் காரில் இருந்த எஞ்சினிலோ 9-எம்-யு-எல் என்று இருந்தது. ஒன்பது என்றால் 948 சிசி, எம் மொறிஸ், யு என்றால் தரையில் கியர்த்தடி, எல் என்றால் குறைந்த அமுக்கவிகிதம் (எரிபொருட் கலவை எஞ்சினுக்குள் எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு). அதாவது, 1956 இன் கடைசிக்குப் பின் வந்த ஏதோ ஒரு மைனர் 1000 இன் எஞ்சின் 1955 ஆம் ஆண்டுக் காருக்குள் உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே "ஏ" வரிசையைச் சேர்ந்தவை. 1952 இல் ஒஸ்ரினும் மொறிஸும் இணைந்த பிறகு ஒஸ்ரினிடமிருந்து மைனருக்கு வந்த எஞ்சின் வரிசை அது. ஆகையால் ஒன்றை எடுத்து மற்றதை வைப்பது பெரிய வேலையல்ல.

அந்த எல் எழுத்துத்தான் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதபோது, எங்கள் ஊரின் ஒஸ்ரின்களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் கார்ப்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. அமுக்கவிகிதம் கூடிய எஞ்சினில் ஊற்றினால் ஏற்றத்தில் தட்டத் தொடங்கும். 948 இன் உயர் அமுக்க வகை 8.3, குறைந்த வகை 7.2. மேலும் ஏ வரிசை எஞ்சினில் உள்ளிழுக்கும் குழாயும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று தொட்டபடி இருப்பதால், புகையின் சூடு கனமான மண்ணெண்ணெய் ஆவியாக உதவும். விற்றவரின் தமையனைப் பிறகு சந்தித்தபோது, பழைய எஞ்சின் மண்ணெண்ணெயால் ஒயில் நீர்த்துப் பெயரிங் போய்விட்டதாகவும், தகப்பனார் கைவிடப்பட்ட ஒரு காரிலிருந்து இதை மாற்றியதாகவும் சொன்னார். எல் வகையைத் தெரிந்து தேடினாரா, கிடைத்ததைப் போட்டாரா என்று அவருக்குத் தெரியவில்லை. அதே காரில்தான் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அவர்களின் குடும்பம் தென்மராட்சிக்குப் போயிருக்கிறது. கேய்டன் பேரேட்டில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

நடைமுறைப் பயன் இதற்குப் பிறகே தொடங்கியது. வாங்கிய நாள் முதல் கார் மணிக்கு அறுபது கிலோமீற்றரைத் தொட்டாலே எஞ்சின் அலறும். கார்ப்பரேற்றர், தீப்பொறி நேரம் என்று பல இடங்களில் பணம் விட்டேன். சான்றிதழ் வந்த பின்தான், எஞ்சின் மாறியிருந்தாலும் பின் அச்சு மாறியிருக்காதே என்ற எண்ணம் வந்தது. இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, ஒரே அளவில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நடுத்தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று சுண்ணக்கட்டிக் கோட்டை வைத்து எண்ணினோம். ஐந்தேகாலுக்குச் சற்று அதிகம். அது 803 சிசி காருக்குரிய 5.286 விகிதம். முப்பது குதிரைவலுவுள்ள எஞ்சினுக்காகச் செய்த பல்லிணையை அதைவிட வலுக்கூடிய 948 எஞ்சின் காலம் முழுவதும் இழுத்துக்கொண்டிருந்தது. மைனர் 1000 இன் 4.555 விகித டிஃபரன்சல் (பின் அச்சின் பல்லிணைப் பகுதி) ஒன்றைக் கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்துப் போட்டதும், அறுபது கிலோமீற்றரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்று ஓடிய எஞ்சின் 2,500 ஆக இறங்கியது. மலையே இல்லாத குடாநாட்டில் இழுவை குறைந்தது பெரிதாகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் நான் முன்கூட்டி நினைக்கவில்லை. வேகமானி கியர்ப்பெட்டியிலிருந்து இயங்குவதால், அச்சு மாறியபின் அது ஏழில் ஒரு பங்கு குறைத்துக் காட்டத் தொடங்கியது. அறுபதில் போகும்போது ஐம்பத்திரண்டு என்று காட்டும். அதைத் திருத்தாமல் மனக்கணக்கிலேயே ஓட்டி வருகிறேன்; இதை நல்ல முன்மாதிரியாகச் சொல்ல மாட்டேன்.

எஞ்சினை மூல நிலைக்குத் திருப்ப ஒரு 803 ஐத் தேடச் சொல்லிச் சிலர் ஆலோசனை கூறினார்கள். நான் தேடவில்லை. இருக்கும் 948 நன்றாக ஓடுகிறது, அது இந்தக் காருக்குள் வந்த விதமும் இப்போது எனக்குத் தெரியும்.

நிறத்தில் மட்டும் பேரேட்டின் சொற்படி நடந்தேன். ஆறு வருடங்களுக்கு முன் உடலை முழுவதும் சுரண்டி, கதவு ரப்பருக்கு அடியில் வெயில் படாமல் எஞ்சியிருந்த மூலப் பூச்சை வைத்துக் கிளாரண்டன் கிறேயைக் கலக்கிப் பூசினோம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பழைய கார் விரும்பிகள் நின்று படம் எடுக்கிறார்கள். ஆனால் சித்திரை, வைகாசி மதியத்தில் கதவுப் பிடியைத் தொட முடிவதில்லை, உள்ளே அமர்ந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் நனைந்துவிடுகிறார்கள். வெள்ளை பூசியவர் வெயிலை நினைத்துத்தான் பூசியிருக்க வேண்டும். முன்னர் மாதம் இரண்டு கலியாணத்துக்காவது பெண் மாப்பிள்ளை ஏற்றக் கேட்டு வருவார்கள். சாம்பல் நிறமானபின் அந்தக் கேள்வி அரிதாகிவிட்டது. இன்று முடிவெடுக்கச் சொன்னால் கூரையையாவது வெள்ளையாக விட்டிருப்பேன்.

உதிரிப்பாக விடயத்தில் தேடலின் பயன் சந்தேகத்துக்கு இடமில்லாதது. இப்போது பிறேக்குக்கும் சுக்கானுக்கும் 1955 ஆம் ஆண்டு இரண்டாம் வரிசை (803 சிசி எஞ்சினோடு வந்த மைனர்) என்றும், எஞ்சினுக்கும் டிஃபரன்சலுக்கும் மைனர் 1000, 948 என்றும் இரண்டு பட்டியல்களாகப் பிரித்தே கேட்கிறேன். ஒன்பது வருடத்தில் பிழையான பொருள் ஒரு முறைகூட வரவில்லை. காரின் விலையை அந்தச் சான்றிதழ் கூட்டியதாகத் தெரியவில்லை. வாங்க விரும்பிப் பேசியவர்கள் எவரும் அதை வாசிக்கவில்லை, எல்லாரும் துருவைத்தான் தட்டிப் பார்த்தார்கள்.

பதிவுப் புத்தகத்தைத் திருத்த இரண்டு முறை முயன்று விட்டுவிட்டேன். சான்றிதழின் பிரதி அதனுள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. காப்புறுதிப் பத்திரத்திலும் வருடாந்த அனுமதிப்பத்திரத்திலும் என் கார் இன்னமும் 1957 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, நிறம் வெள்ளை.