பாத்ரூம்ல சிலிக்கான் அடிக்க ஆள் கூப்பிடப் போறீங்களா, ஒரு நிமிஷம்

சென்னையில இருக்கறவங்களுக்காக எழுதுறேன், மத்த ஊர்லயும் இதே கூத்துதான் நடக்குதுன்னு நினைக்கிறேன். தீபாவளிக்கு முன்னாடி எங்க பிளாட்ல ரெண்டு பாத்ரூமுக்கும் புதுசா சிலிக்கான் (இடுக்குல தண்ணி இறங்காம அடைக்கற ரப்பர் மாதிரி பசை) அடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் 6,500 ரூபா வாங்கிட்டுப் போனாரு, பொங்கல் வர்றதுக்குள்ள மொத்தமும் உரிஞ்சு தொங்குது. பேரு போடல. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டதும் "எங்க வீட்லயும் இப்படித்தான்"னு வந்து விழுந்துச்சு பாருங்க மெசேஜ், ஒவ்வொண்ணும் வேற வேற ஆளு, ஆனா வேலை மட்டும் ஒரே அச்சு.

பார்க்க வந்தப்போ பேச்சு பிரமாதம். பாத்ரூமுக்குன்னே வர்ற சானிட்டரி கிரேடு, நியூட்ரல் டைப், பூஞ்சையே வராது, 5 வருஷம் வாரண்டி. வேலைக்கு வந்தது வேற ரெண்டு பசங்க. நான் ஆபீஸ் கால்ல இருந்தேன், நடுவுல எட்டிப் பார்த்தா பழைய சிலிக்கான் கருப்புப் புள்ளியோட அப்படியே இருக்கு, அதுக்கு மேலயே புதுசை பிதுக்கிட்டு இருக்காங்க. "தம்பி பழசை எடுக்கலையா"ன்னு கேட்டா "அது நல்லா புடிச்சிருக்கு மேடம், எடுத்தா டைல்ஸ் பேந்துரும்"ங்கறான்.

டைல்ஸ் எல்லாம் பேராதுங்க. காஞ்சு போன சிலிக்கான் மேல புது சிலிக்கான் ஒட்டாது, அவ்ளோதான் விஷயம், எவ்ளோ காஸ்ட்லி டியூபா இருந்தாலும் ஒட்டாது. பழசை பிளேடு வெச்சு முழுசா சுரண்டி, மிச்ச பிசுக்கை ஸ்பிரிட் போட்டு துடைச்சு, இடுக்குல ஈரம் இல்லாம காயவிட்டு அப்புறம்தான் டியூபை மாட்டி பிதுக்கற கன்னைக் கையில எடுக்கணும். முக்கால்வாசி வேலை இதுதான், நாம கூலி குடுக்கறதும் இதுக்குத்தான், டியூபை அழுத்தறதுக்கு என்ன பெரிய வித்தை வேணும். எங்க வீட்ல காலையில எல்லாரும் குளிச்ச ஈரம் கூட காயல, வெளிய மழை வேற, அதுலயே அடிச்சு முடிச்சாச்சு.

அடிக்க ஆரம்பிச்சதும் வீடு பூரா வினிகர் நெடி. அப்படி நெடி அடிச்சா அது நியூட்ரல் இல்ல, காயும்போது ஆசிட் விடற அசிட்டிக் டைப். அது மட்டமான சரக்குன்னு சொல்லல, கண்ணாடியிலயும் வழவழ டைல்ஸ்லயும் நல்லாவே பிடிக்கும். ஆனா மார்பிள், சிமென்ட், பித்தளை ஃபிட்டிங், மிரர் பின்பக்கம் இதுலல்லாம் வைக்கக் கூடாது, அதுல இருந்து வர்ற ஆசிட் அரிச்சிடும். எங்க வாஷ்பேசின் மேல இருக்கற மிரரை அதே டியூபை வெச்சுதான் சுவத்துல ஒட்டி, ஓரத்துலயும் ஒரு கோடு இழுத்துட்டுப் போயிருக்காங்க. இப்போ கீழ் ஓரத்துல கருப்பு கருப்பா படர ஆரம்பிச்சிருக்கு, பின்னாடி இருக்கற பூச்சு போச்சு, அந்த மிரர் இனி மாத்தறதுக்குத்தான்.

பினிஷிங்கைப் பத்தி என்னத்த சொல்ல. டியூபோட மூக்கு, அதான் நாசில், அதோட நுனியை சாய்ச்சு, இடுக்கு அகலத்துக்கு ஏத்த மாதிரி சின்னதா வெட்டணும். இவன் பாதியில வெட்டிட்டான், கேக்ல கிரீம் வைக்கிற மாதிரி தடிதடியா வந்துச்சு. ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டலை. அதை விட கொடுமை, பாத்ரூம் சுத்தி முழுசா அடிச்சு முடிச்சிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்து, பக்கெட் தண்ணியில விரலை முக்கி தடவ ஆரம்பிச்சான். அதுக்குள்ள மேல ஆடை கட்டிடுச்சு, தடவத் தடவ தோல் மாதிரி சுருங்கி கிழியுது. கொஞ்சம் கொஞ்சமா அடிச்சு, உடனே ஒரே இழுப்புல வழிச்சு, ஆடை கட்டறதுக்கு முன்னாடியே டேப்பை உரிச்சிட்டா கோடு போட்ட மாதிரி நிக்கும். எங்க மேட் டைல்ஸ்ல அவன் தேச்சுவிட்டதெல்லாம் இப்போ அழுக்கைப் பிடிச்சு திட்டுத்திட்டா கருத்து நிக்குது, எதைப் போட்டு தேச்சாலும் போகல.

ஷவர் கிளாஸ் பிரேமுக்கு உள்ள வெளிய ரெண்டு பக்கமும் அடைச்சிட்டாங்க, உள்ள புகுந்த தண்ணி வெளிய வர வழியில்லாம நாறுது. கமோடை சுத்தியும் ஒரு இடம் விடாம அடைச்சாச்சு. பின்பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டாதான் அடியில லீக் ஆனா நமக்குத் தெரியும், இல்லேன்னா கீழ் வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டாத்தான் தெரியும்.

போகும்போது "சாயந்தரமே குளிக்கலாம் மேடம்". சிலிக்கான் காத்துல இருக்கற ஈரத்தை வெச்சு வெளிய இருந்து உள்ளாற காயறது, ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் போகும், குறைஞ்சது 24 மணி நேரம் தண்ணி படக்கூடாது. இவங்க அப்பின தடிமனுக்கு அதுவும் பத்தாது.

காலி டியூபை எல்லாம் பொறுப்பா பையில போட்டு எடுத்துட்டுப் போனாங்க, அட பரவாயில்லையே சுத்தமா வேலை பாக்கறாங்களேன்னு அத்தை கூட சொன்னாங்க. வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி ஒண்ணு மட்டும் உருண்டு கிடந்துச்சு. ஜெனரல் பர்ப்பஸ்னு போட்டிருக்கு, சொன்ன சானிட்டரி கிரேடு இல்ல, அதோட எக்ஸ்பைரியும் தாண்டின டியூப். பழசான டியூப் சரியா காயாது, பிசுபிசுன்னே இருக்கும், எங்களுக்கு ரெண்டு மூலையில இன்னும் விரல்ல ஒட்டுது.

போன் பண்ணா "உரியறதுக்கு வாரண்டி கிடையாது மேடம், லீக்குக்கு மட்டும்தான்"னாரு. லீக்கும் ஆகுதுன்னு சொன்னேன். "அது பிளம்பிங் பிராப்ளம், தனி சார்ஜ்". பில் கேட்டதுக்கு அப்புறம் போனே எடுக்கல.

யாராவது ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்திருந்தீங்கன்னா, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சீல் உடைக்காத டியூபை வாங்கி வகை, தேதி ரெண்டையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, இல்ல நீங்களே கடையில வாங்கிக் குடுத்துடுங்க. பழசை முழுசா சுரண்டினதை கண்ணால பார்த்தப்புறம் கன்னைத் தொட விடுங்க. மீதிப் பணம் மறுநாள், விரலால அழுத்திப் பார்த்துட்டு.